பெருக்கல் குறி

சயான் ஆஸ்பத்திரி. இரவு இரண்டே கால்.
ஆவுடையப்பனின் இடது பாதத்தில்
ஜெல் தடவி டாப்ளரை வைக்கிறேன்.
இரைச்சல்.
நகர்த்துகிறேன். இரைச்சல்தான்.

"இந்நேரம் தாராவியில இட்லி வெந்திருக்கும்.
சைக்கிள் மிதிக்கலாமா டாக்டரம்மா?"

மத்தியானம் அவர் தொடையிலிருந்து எடுத்த சிரையைத்
தலைகீழாகத் திருப்பித் தைத்தேன்.
திருப்பாவிட்டால் உள்ளிருக்கும் கதவுகள்
ரத்தத்தைக் கீழே விடா.
ஐம்பத்தாறு வருஷம் ஏறியே பழகிய குழாய்
இன்றுதான் இறங்கப் படிக்கிறது.

பெருவிரலுக்குப் பின்னால், ஒரு நூல் தள்ளி,
உஷ்க்.
உஷ்க்.
மூச்சை அடக்கி இன்னொன்றுக்குக் காத்திருக்கிறேன்.
உஷ்க்.

பேனாவால் அங்கே பெருக்கல் குறி போடுகிறேன்.
அடுத்த ஷிப்ட் நர்ஸ் தேடக் கூடாது.

குனிந்து பார்க்கிறார்:
"பேங்குல கையெழுத்துக்கு இப்படித்தான்
போட்டுத் தருவாவ."

கையெழுத்து வேண்டாம்.
தலையணைக்கு அடியிலிருக்கும் பீடிக்கட்டுக்காகக்
கை நீட்டுகிறேன்.
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார்.