ஆகஸ்ட் டிக்கெட்

ரூவியில் நாற்பத்தாறு டிகிரி.
கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்த சுலைமா
கைப்பையை மேசைமேல் போட்டுக் கேட்டாள்:
"மழை பெய்கிற ஊர் இருக்கிறதா?"

இருக்கிறது.
ஒன்பது வருடமாக அதைத்தான் விற்கிறேன்.

கொலோனில் ரயில் நிலையத்தை விட்டு இறங்கினால்
தேவாலயம் முகத்தில் இடிக்கும்,
அண்ணாந்தால் கழுத்து சுளுக்கும் என்றேன்,
என் ஓட்டை அரபியில்.
லூபெக்கின் கோட்டைவாசல்
சற்றே சாய்ந்து நிற்கிறது,
ஷிப்ட் முடிந்த லாரி டிரைவர் மாதிரி.
பாம்பெர்கில் நகரசபையை
ஆற்றுக்கு நடுவில் கட்டிவைத்திருக்கிறார்கள்.
ஃப்ரைபுர்க் தெருக்களில்
ஒரு முழம் அகலத்துக்கு ஓடை;
தவறிக் கால் வைத்தால்
அந்த ஊர்க்காரரைக் கட்டிக்கொள்ள நேருமாம்.

சிரித்தாள். அதையே போடச் சொன்னாள்.
"நீ போயிருக்கிறாயா?"
விமான நேரமெல்லாம் மனப்பாடம் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அங்கே கடை திறக்காது என்பதைப்
பணம் வாங்கிய பிறகுதான் சொன்னேன்.

மூன்றாம் வாரம் செய்தி வந்தது:
"கால் வைத்துவிட்டேன்.
ஏற்கெனவே ஒரு கணவர் இருக்கிறாரே,
டிக்கெட்டை மாற்ற முடியுமா?"

கீழே ஒரு காணொளி, முப்பத்தொரு விநாடி.
ஆளில்லை, கோபுரமில்லை.
ஓட்டுக்கூரையிலிருந்து ஒழுகும் தண்ணீர்,
தூரத்தில் டிராம் மணி.

சத்தத்தைக் கூட்டினேன்.
மறுபடி போட்டேன்.
மூன்றாவது முறை
பக்கத்து மேசை பிரிட்டோ எழுந்து போய்,
ஏசிதான் ஒழுகுகிறது என்று
வாளியோடு வந்து நின்றான்.