இரவல்

வாரத்துக்கு எண்பது மணி நேரம்.
எண்பத்தொன்றாவது தொடங்கும்போது
கணினி நம்மை வெளியே தள்ளித் தாழிட்டுக்கொள்ளும்.
பியோன் ஹேரானுக்கு அது வியாழன் இரவே நடந்துவிட்டது.
மருந்து எழுதிக்கொண்டிருந்தாள். பாதி வரியில்
"பணி நேரம் முடிந்தது, நன்றாக ஓய்வெடுங்கள்"
என்றது திரை. பக்கத்தில் சிரிக்கும் ஒரு சூரியன்.

பதினொன்றாம் மாடியில் நாற்பத்திரண்டு நோயாளிகள்.
அவளை மாற்றிவிட வரவேண்டிய ஆள்
அட்டவணையில் மட்டும் இருந்தார்.

சட்டம் அவள் பெயரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது.
உடம்பு வார்டிலேயே நின்றது.

எனக்குக் குறுஞ்செய்தி வந்தது: "உன் கடவுச்சொல்?"
அனுப்பினேன். என் நாயின் பெயரும், அது செத்த வருடமும்.
ஜொன்ஜுவில் எங்கள் மருத்துவமனையில்
குடை இரவல் தருவதுபோலத்தான் அது.
பிறகு சூடேற்றிய தரையில் அப்படியே சரிந்தேன்,
ஒரு காலுறையைக் கழற்றாமல்.

நான் தூங்க, என் பெயர் வேலை பார்த்தது.
12.40க்கு ஒரு காய்ச்சலுக்கு ரத்தம் எடுக்கச் சொன்னது.
1.55க்கு ஓர் இறப்புச் சான்றிதழில் ஒப்பமிட்டது;
அந்த முகத்தை இன்றுவரை நான் பார்த்ததில்லை.
3.12க்கு
நாஜுவில் பேரிக்காய்த் தோட்டம் வைத்திருக்கும் குக் என்பவருக்கு
இன்சுலின் நான்கு என்று எழுதப்போய்
விரல் சுழியத்தின்மேல் தலைசாய்த்துவிட்டது.
நாற்பது.

தனியாக நின்றால் அதற்கு மதிப்பில்லை என்றுதான்
பள்ளியில் சொல்லித்தந்தார்கள்.

நாலரைக்குச் செவிலி பியோ கடந்துபோனவள் திரும்பி வந்து
அவர் சட்டை நனைந்திருப்பதைத் தொட்டுப் பார்த்தாள்.
குளுக்கோஸ் ஏறியது. மனிதர் பிழைத்தார்.
காலையில், பசிக்கிறது என்று இரண்டாவது கிண்ணம் கஞ்சி கேட்டாராம்.

செவ்வாய்க்கிழமை விசாரணை.
நீள மேசை. ஐந்து பேர். ஆறாவது நாற்காலியில் யாருடைய கோட்டோ.
பதிவேட்டில் தாக் இன்சு, அதாவது நான்.
கண்ணாடிக்கு அப்பால் ஹேரான் நின்றாள்,
இரு கைகளையும் பைக்குள் விட்டுக்கொண்டு.
உண்மையைச் சொல்லத்தான் வந்திருந்தாள், தெரியும்.
சொன்னால் அவள் உரிமம் போகும், பின்னால் என்னுடையது.
அடுத்த ஆண்டு எங்கள் துறைக்குப் பயிற்சி இடங்களைக் குறைப்பார்கள்,
அதாவது இன்னும் கொஞ்சம் ஆட்கள்
இன்னும் நீண்ட இரவுகளுக்கு.
அவளைப் பார்த்துத் தலையை மெல்ல அசைத்தேன், வேண்டாம் என்று.

தலைவர் கேட்டார், கனிவாகத்தான்:
"அந்த நேரத்தில் களைத்திருந்தீர்களா?"

அந்த அறையில் நான் சொல்ல முடிந்த உண்மை
ஒன்றே ஒன்றுதான் இருந்தது.
"இல்லை ஐயா. நன்றாகத் தூங்கியிருந்தேன்."

எழுதிக்கொண்டார்கள்:
களைப்பு காரணம் அல்ல.
மணி வரம்பு மீறப்படவில்லை.

மாலையில் கடவுச்சொல்லை மாற்றினேன்.
இரவு பத்தரைக்கு,
அவள் கேட்காமலேயே
புதியதை அனுப்பினேன்.