சக்கரம் மேலே

ஐம்பத்தேழாம் பாகம் வரை ஒட்டியாகிவிட்டது.
கோடியாக்கில் நான்கு நாளாய் மூடுபனி.
விலகினாலும் எனக்கு வேலையில்லை;
ஜூன் வரை என் உரிமம்
ஆங்கரேஜில் எவருடைய மேசை இழுப்பறையிலோ.

க்ரம்மன் கூஸ். பதினொரு தாள் காகித அட்டை.
முப்பத்து மூன்றில் ஒன்றாய்ச் சுருங்கினாலும் அதே வயிறு,
படகுபோல் முன்னால் கூர்ந்து,
நடுவில் ஒரு படி வெட்டி.
அந்தப் படியில்தான் தண்ணீர் பிடியை விடும்.
கத்தியின் முதுகால் கீறி மடிக்கிறேன்.
வெட்டிய விளிம்பின் வெள்ளை தெரியாமலிருக்கச்
சாம்பல் நிறப் பென்சில்.

நீரிலும் நிலத்திலும் இறங்கிய விமானம்;
இதுவோ ஒரு சொட்டுத் தேநீருக்கே
இறக்கை நொந்து சுருண்டது.
வலது மிதவையை மறுபடி செய்தேன்.

ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது: சக்கரங்கள்.
வெளியே நீட்டி ஒட்டலாம்,
அல்லது விலாவுக்குள் மடக்கி ஒட்டலாம்,
ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்கிறது குறிப்புத்தாள்.

அசலில் அது நாற்பது சுற்று.
இருக்கைக்குப் பக்கத்தில் கைப்பிடி,
தோள் வலிக்கச் சுற்றினால் மேலேறும்.
தண்ணீரில் இறங்குமுன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்:
சக்கரம் மேலே.
பதினெட்டு வருடம் சொன்னேன்.
அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை
அலையில்லாத விரிகுடாவைப் பார்த்துக்கொண்டே
சொல்ல மறந்தேன்;
அல்லது சொன்னேன், சுற்ற மறந்தேன்.

சக்கரம் தண்ணீரைக் கவ்வியது.
வானம் காலுக்கடியில் வந்தது.
நான்கு பேரும் நீந்திக் கரையேறினோம்.
இன்னொகெந்தியின் அக்கார்டியன் மட்டும் ஏறவில்லை.

அன்றிலிருந்து மளிகைக் கடையில், தபால் நிலையத்தில்,
தேவாலயப் படியில்கூட
என்னைக் கண்டால் தொப்பியைத் தூக்கிக் கேட்பார்:
"யூலாலியா, சக்கரம் மேலேதானே?"
சிரித்து வைப்பேன். வேறென்ன செய்ய?

நேற்று, புகையூட்டிய சால்மன் கொடுக்க வந்தவர்
மேசையைப் பார்த்தார். குனிந்து
விமானத்தின் விலாவைப் பார்த்தார்.
சக்கரமில்லாத இரண்டு குழிகள்.
ஒன்றும் கேட்கவில்லை.

அவர் போன பிறகு
வெட்டி எறிந்த ஓரத்தில் நக அகலம் எடுத்து
முன்னும் பின்னுமாய் ஒன்பது மடிப்பு.
இரு முனையிலும் கறுப்பு மை.
இழுத்தால் விரிந்தது, விட்டால் சுருங்கியது,
ஓசைதான் இல்லை.
சாமணத்தால் பிடித்து, கதவு வழியே,
பின்னிருக்கையில் வைத்தேன். ஒட்டவில்லை.

சக்கரங்கள் இன்னும்
பாட்டில் மூடிக்குள்தான் கிடக்கின்றன.
பனி விலகுகிறது போல.
துறைமுகத்தில் ஓர் எஞ்சின் இருமி, பிடித்துக்கொள்கிறது.
என் வலது கை, என்னைக் கேட்காமல்,
மேசைக்கடியில் சுற்றத் தொடங்குகிறது:
ஒன்று. இரண்டு.