உப்புத்தாள்

மீட்டர் ஒன்பது காட்டுகிறது.
விளக்கு எரியவில்லை.

தேவனாம்பட்டினத்தில் மணி ஒன்றே கால்.
மூன்றுக்கு மச்சான் அஞ்சாப்புலி கிளம்பிவிடுவார்.
போன வெள்ளி நான் செய்துகொடுத்த மிதவை விளக்கு
நடுக்கடலில் அணைந்துபோக
ஒரு விசைப்படகு வலைமேல் ஏறிப் போயிற்று.
பதினோராயிரம்.
மனிதர் ஒரு வார்த்தை சொல்லவில்லை;
அக்காதான் சோற்றுத் தட்டைக்
கொஞ்சம் ஓசையோடு வைத்தாள்.

ஒயரை ஆட்டினேன். ரெசிஸ்டரை மாற்றினேன்.
சிவப்பை மட்டும் மாட்டினால் மினுக்கென்கிறது,
நீலம் கண்ணே திறக்கவில்லை.

சும்மா இருக்கிறவனைக் கேட்டால்
ஒன்பது என்றுதானே சொல்வான்?
விளக்கை மாட்டியபடியே அளந்தேன்.
எட்டாகி, ஆறாகி,
நாலரையில் நின்று மூச்சு வாங்கியது.

சதுர பேட்டரியை எறிந்துவிட்டு
ஆறு பென்சில் செல் அடுக்கினேன்.
அப்போதும் இருட்டு.
டப்பா ஸ்பிரிங்கில் பச்சையாய்ப் பூத்திருந்தது.
கடற்காற்று எனக்கு முன்பே வந்து
வேலை பார்த்துவிட்டுப் போயிருக்கிறது.
உப்பைச் சுரண்ட உப்புத்தாள்.
விரல் நுனியெல்லாம் எரிந்தது,
அப்புறம் விளக்கும்.

நம்பவில்லை.
மூன்று மணிவரை எரியவிட்டு
எதிரே உட்கார்ந்திருந்தேன்.

மச்சான் வந்து தூக்கிக்கொண்டார்.
"இன்னும் ஆறு பேட்டரி குடு,
பையில கெடக்கட்டும்."
சிரித்தாரா, தெரியவில்லை.
முகமெல்லாம் நீலம்.