பென்சில் சத்தம்

தாளில் ஆறு கோடுகள்.
ஒவ்வொரு கோட்டுக்கும் இரண்டு முனை:
திறந்த திறன், மூடிய திறன்.
பெருந்தசை, நுண்தசை.
தன் வேகம், பிறர் வேகம்.
மீதி மூன்றை இப்போது மறந்துவிட்டேன்.
ஒரு விளையாட்டைப் பார்,
அசைவு எந்த முனைக்கு அருகில் என்று
பெருக்கல் குறி போடு,
திங்கட்கிழமைக்குள்.

வகுப்பே கூடைப்பந்தை எடுத்துக்கொண்டது,
கௌனாஸ் நகரில் வேறு பந்தே இல்லாதது போல.
பேருந்தைத் தவறவிட்டுப் பிந்திப் போன எனக்கு
மிஞ்சியது கோல்பால்.
பழைய நூற்பாலையின் உடற்பயிற்சிக் கூடம்.
இந்தப் பக்கம் மூன்று பேர், அந்தப் பக்கம் மூன்று பேர்.
அரைப் பார்வை உள்ளவனுக்கும் அறவே இல்லாதவனுக்கும்
ஒரே கறுப்புக் கண்கட்டு.
பந்துக்குள் மணி.

சுற்றுப்புறம் அசையாமல் நின்றால் மூடிய திறன்;
அது மாறிக்கொண்டே இருக்க
கண் துரத்திக்கொண்டே போனால் திறந்த திறன்.
கண் என்றுதான் சொன்னார் பேராசிரியை ஜிவிலே.
குறிப்பேட்டில் இருக்கிறது, அடிக்கோடிட்டு.

"அமைதி" என்கிறாள் பயிற்சியாளர் யோவிதா.
கூரை வரைக்கும் அமைதி.
வைதோத்தாஸ் குனிந்து தரையைத் தடவுகிறான்.
ஒட்டுநாடாவுக்கு அடியில் ஓடும் கயிறுதான்
அவனுக்கு எல்லை, திசை, வாசற்படி.
விரல் நுனியால் ஒருமுறை, மறுபடி ஒருமுறை.
நுண்தசை என்று குறி போட்டேன்.
போட்டு முடிப்பதற்குள்
ஆறடி உடம்பும் பக்கவாட்டில் சரிந்து
கதவு போலச் சாத்திக்கொண்டது.
தொடையில் மோதி மணி ஓய்ந்தது.
அழித்தேன். பெருந்தசை.
அதையும் அழித்தேன்.

இனி அவன் எறிய வேண்டும்.
பத்து விநாடி அவனுடையது,
எப்போது விடுவது அவன் இஷ்டம்.
இது சுலபம்: மூடிய திறன், தன் வேகம்.
அழுத்தி இழுத்தேன்.

பந்தைக் கையில் வைத்தபடி
அவன் தலை என் பக்கம் திரும்பியது.
"பெருக்கல் குறிதானே?
இரண்டு இழுப்பு. சரி போட்டிருந்தால் ஒன்றோடு முடிந்திருக்கும்."
எதிரணி சிரித்தது. யோவிதா விசில் ஊதினாள்.
எனக்குக் காது மடல் சுட்டது.

அதுவரை நான் சுவர் என்று இருந்தேன்,
பெஞ்சின்மேல் யாரோ போட்டுவிட்டுப் போன கம்பளிக் கோட்டு என்று.
என்னையும் கணக்கில் வைத்துத்தான் எறிந்திருக்கிறான்:
நான் மூச்சுவிடும் மூலை,
வெந்நீர்க் குழாய் தட்டும் இடப்பக்கம்,
எதிரே எவனுடைய முழங்கால் காப்பு உரசுகிறது,
தகரக் கூரையில் பனி எப்போது சரியும்.
எதுவுமே நின்ற இடத்தில் நிற்கவில்லை அவனுக்கு.
மூடியிருந்தது எனக்குத்தான்.

இடைவேளையில் கேட்டேன்:
தடுக்கும்போது முதலில் எழுவது எது,
காதா, இடுப்பா?
"தெரியாது" என்றான். "யோசித்தால் கோல்."
தண்ணீர்ப் புட்டியை நீட்டினேன், சட்டென்று வாங்கிக்கொண்டான்.
மூடியைத் திருகும்போது நழுவவிட்டான்.
அது எங்கோ உருண்டது.
கண்கட்டு கழற்றாத ஆறு பேரும்
ஒரே நேரத்தில் ஒரே இடத்தைக் கை காட்டினார்கள்.
நான் மட்டும் பெஞ்சுக்கு அடியில் தேடிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை கொடுத்த தாளில்
குறிகள் எல்லாம் கோட்டின் நடுவில்,
மதில்மேல் பூனைகளாக.
எறிதலுக்கு நேரே மட்டும் குறி இல்லை;
அழித்து அழித்து ஓட்டை விழுந்திருக்கிறது.
பக்கத்தில் ஜிவிலே சிவப்பு மையில்:
இங்கே என்ன நடந்தது?

வியாழக்கிழமை மறுபடி போகிறேன்.
பென்சில் வேண்டாம், பேனா.
மை சத்தம் போடாது என்று நினைக்கிறேன்.
வைதோத்தாஸைத்தான் கேட்க வேண்டும்.