பதினாலரை

குளச்சல் துறைமுகம், விடியற்காலை மூன்றரை.
என் மரப்பலகையில் படுக்கிறது முதல் கிளிமீன்.
மூக்கு பூஜ்யத்தில், வால்கவை பதினொன்றில்.
எழுதுகிறேன்: 11.
அடுத்ததும் 11. அதற்கடுத்தது பத்தேகால்.
ஐஸ் தண்ணீர் பட்டாலும் பென்சில் அழியாது,
அதனால் பென்சில்.

சினை பிடிக்க இந்த மீனுக்குப்
பதினாலரையாவது ஆக வேண்டும்.
கீறிப் பார்த்தால் உள்ளே
ரோஸ் நிறத்தில் இரண்டு நூலிழை.
சினை வரவேண்டிய இடம்.

ஸ்ராங்கு ததேயுஸ் கூடையைக் கவிழ்த்தபடியே கேட்பார்:
"மீன அளக்குத, சரி.
கடன அளக்கதுக்குப் பலக உண்டுமா பெல்சிட்டா?"
எட்டு நாள் ஓட்டம், மூவாயிரம் லிட்டர் டீசல்,
அடகுக் கடையில் அவர் மகளின் வளையல்.
என் தம்பி லிகோரியும் அந்தப் போட்டில்தான்.
என் தாளில் இதற்குக் கட்டம் இல்லை.

மடியின் வால்பையில் கண்ணி
டைமன் வடிவில் இருந்தால் இழுக்க இழுக்க மூடும்.
சதுரமாக இருந்தால் திறந்தே கிடக்கும்,
குட்டி நழுவும்.
சதுரக் கண்ணிப் பையும் போட்டில் இருக்கிறது.
புத்தம் புதிது,
மடிப்புக் கலையாமல்,
சோதனைக்கு வருகிறவர்களுக்குக் காட்ட.

தடைக்காலமும் எங்களுக்கு இரண்டு.
சின்னமுட்டம் கிழக்குக் கடற்கரை,
சித்திரை பிறந்ததும் போட்டைக் கட்டும்.
நாங்கள் மேற்கு, வைகாசி பாதி போகவேண்டும்.
இடையில் நாற்பது கிலோமீட்டர் இருந்தால் அதிகம்.
முனையைச் சுற்றிப் போகிற மீனுக்கு
எந்தக் கடலில் எந்த மாதம் தனக்கு லீவு என்று
யார் போய்ச் சொல்ல?

மாசி மாதம் கம்பெனியிலிருந்து வந்தார்கள்.
இதன் வெள்ளைச் சதையை அரைத்து, அலசி,
மேலே சிவப்புத் தடவி
நண்டென்று கப்பலேற்றுகிற கம்பெனி.
நாளைக்கும் இந்த மீன் இருக்குமா என்று
வாங்குகிற ஊரில் கேட்கிறார்களாம்.
இருக்கும் என்று பெட்டிமேல் ஒட்ட
ஒரு முத்திரை வேண்டும்,
முத்திரைக்கு என் நோட்டு வேண்டும்.

அன்றைக்குத் தரையில் கொட்டியதெல்லாம் பதினாறு, பதினேழு.
குட்டிகள் ஒன்றரை மணிக்கே
தார்ப்பாய் மூடிய லாரியில்
தீவன ஆலைக்குப் போய்விட்டன.
நான் எழுதிய ஒவ்வொரு எண்ணும் சரி.
பக்கம் மட்டும் தப்பு.
அந்த ஞாயிறு பூசையில் நன்மை வாங்க நீட்டிய கையில்
சோப்புப் போட்டும் போகாத வாடை.

பங்குனியில் மறுபடி வந்தார்கள்.
அந்த ராத்திரி ஒரு மணிக்கே பலகையோடு போனேன்.
லாரிக்காரன் பீடியை எறிந்துவிட்டு
"சீக்கிரம்" என்றான். அவ்வளவுதான்.
லிகோரி ஒன்றும் சொல்லாமல்
செல்போன் வெளிச்சத்தைப் பிடித்தான்.
ஏழு. ஆறரை. எட்டு. ஏழு.
உள்ளங்கையில் வைத்தால் விரலைத் தாண்டாதவை.
வெளிச்சம் ஒரு தடவை ஆடியது.
கை வலியாக இருக்கும்.
அல்லது ததேயுஸ் வீல்ஹவுஸ் கதவோரம்
நின்று பார்த்ததாக இருக்கும்.
அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

விடிந்ததும் இன்னொரு பக்கம்: பதினாறு, பதினேழு.
ஒரே தேதி, இரண்டு பக்கம்.
பின்னடிக்க ஸ்டேப்ளர் இல்லை.
லிகோரி மடி தைக்கிற நைலான் நூலைக் கடித்து எடுத்து
இரண்டையும் சேர்த்து ஒரு முடிச்சுப் போட்டான்,
இழுக்க இழுக்க இறுகுகிற முடிச்சு.
பிறகு ஏலத்துக்குப் போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை அனுப்பினேன்.
கம்பெனியிலிருந்து பதில் இல்லை.
ததேயுஸ் இப்போது கடனைப் பற்றிக் கேட்பதில்லை,
கூடையை மட்டும் கொஞ்சம் தள்ளிக் கவிழ்க்கிறார்.

எழுந்துபோய்ப் பலகையை நகர்த்தி வைக்கிறேன்.
மூக்கு பூஜ்யத்தில்.
11.