நிகர எடை

தலைஞாயிறு சாலையில் இருக்கிற எடைமேடை
என்னுடையது. பாதி வங்கியுடையது.
லாரி ஏறினால் மேடை ஒருமுறை முனகும்,
கண்ணாடிக்குள் சிவப்பு எண்கள் ஓடி
ஓரிடத்தில் மூச்சு வாங்கி நிற்கும்.
மொத்த எடை, காலி எடை, நிகர எடை.
நூற்றைம்பது ரூபாய். சில்லறை இல்லை என்பார்கள்.
இருக்கும்.

வருவதெல்லாம் சவுக்கு.
கடலோர மணலில் ஐந்து பங்காய் நிற்கிற தோப்பு,
அறுபத்து மூன்று வீட்டுப் பட்டா ஒன்றாய்ச் சேர்ந்தது.
தைக்குப் பிறகு ஒரு பங்கு விழும்,
ஐப்பசி மழைக்கு அதே மணலில் கன்று ஊன்றுவார்கள்,
ஐந்தாம் வருசம் அது மரம்.
தடித்தது காகித ஆலைக்கு,
நீண்டது பந்தல்கார வேதமுத்துவுக்கு,
வளைந்தது செங்கல் சூளைக்கு,
மிலாறு வெட்டியவர் வீட்டு அடுப்புக்கு.
சருகை மட்டும் யாரும் அள்ளக் கூடாது,
மண்ணுக்கு அதுதான் சோறு என்று தீர்மானம்.
அபராதம் ஐநூறு.
மாட்டுக் கொட்டகைக்கு ஒரு சாக்கு அள்ளி
நானும் கட்டியிருக்கிறேன்.

அந்த வருசம் தரகர் கோவிந்தராசு
டன்னுக்கு ஆயிரத்து நூறு கூடுதலாய்க் கொண்டுவந்தார்.
ஆலைக்கு மரம் போதவில்லையாம்,
ஐந்து பங்கையும் சாய்த்தால் கையில் ரொக்கம்.
பள்ளிக்கூட வராந்தாவில் கூட்டம்.
நான் ஓரமாய் நின்று
கைபேசியில் பெருக்கிக்கொண்டிருந்தேன்:
நானூறு லோடு, நூற்றைம்பது ரூபாய்,
அறுபதாயிரம், வங்கிக்காரர் முகம்.
உள்ளதைச் சொல்கிறேன்,
வெட்டட்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன்.
வாய்விட்டும் சொன்னேன்.

லாரிக்கார அபுசாலி மரைக்காயர் எழுந்தார்.
"இத்தனை லோடு அடிக்க இன்னும் நாலு வண்டி வாங்கணும்.
அடுத்த வருசம் அதுல எதை ஏத்துறது, மணலையா?"
சிலர் சிரித்தார்கள்.
சிலர் தரையைப் பார்த்தார்கள்.

பிறகு வேம்பையன்.
மரம் வெட்டுகிறவர். நிலம் இல்லை,
அதனால் கூட்டத்தில் ஓட்டும் இல்லை.
உட்கார்ந்தபடியே விரல் மடக்கினார்.
"ஒரு பங்குக்கு எங்க செட்டு அம்பது நாள்.
அஞ்சையும் வெட்டுனா வெளியாளு இறங்கிடுவான்,
எங்களுக்கு அப்பவும் அதே அம்பது நாள்தான்.
அப்புறம் நாலு வருசம் திருப்பூர் பஸ்."
சொல்லிவிட்டு வெற்றிலைக் காம்பைக் கிள்ளினார்.

ஒன்றரைப் பங்கு என்று முடிவானது.
யாருக்கும் பிடிக்காத கணக்கு.
கோவிந்தராசு டீ குடிக்காமல் போனார்.
அடுத்த கூட்டத்தில் வேம்பையனுக்கும்
ஒரு நாற்காலி போட்டார்கள்.
அவர் அதில் துண்டை வைக்கிறார்.

கார்த்திகையில் காற்று வந்தது.
பெயர் வைக்கிற அளவுக்குப் பெரிய புயல் இல்லை.
இரவெல்லாம் தோப்பு இரைந்ததில்
எது கடல் எது மரம் என்று பிரிக்க முடியவில்லை.
விடிந்தபோது, வெட்டிய ஒன்றரைக்கு நேரே
சாலையில் முழங்கால் மணல்.
செல்லத்தாயின் கடலைக்கொல்லையைக் காணோம்.
அவள் ஒரு மாதம் என்னிடம் பேசவில்லை.
கூட்டத்தில் நான் சொன்னது அவளுக்குத் தெரியும்.
நின்ற மூன்றரைக்குப் பின்னால்
முல்லைக்கொல்லைகள் தலை கலைந்து
வேரோடு இருந்தன.

பத்தாம் நாள் பூக்கார ஜெயசீலி
ஆட்டோவை நேரே மேடையில் ஏற்றினாள்.
"தராசைக் காத்து கொண்டுபோச்சு. நீ போடு."
ஆட்டோவைத் தள்ளிவிட்டுக் கூடையை மட்டும் வைத்தோம்.
பத்துக் கிலோவுக்குக் கீழே
என் மேடைக்குக் கண் தெரியாது.
சிவப்பில் ஒரு சைபர்.
"பரவாயில்ல, சீட்டக் குடு."
அடித்தேன். தேதி, நேரம், நிகரம் பூஜ்ஜியம்.
மடித்துப் பூவுக்கடியில் செருகிக்கொண்டு
திருத்துறைப்பூண்டிக்குக் கிளம்பினாள்.

அந்த மாதத் தவணை இன்னும் பாக்கி.
மேடையில் நாலைந்து மொட்டு உதிர்ந்து கிடந்தது.
அடுத்து ஏறிய செங்கல் லாரி
அதையும் சேர்த்து எடை போட்டுக்கொண்டது.